கப்பலுக்குக் காத்திருந்தோர்

பயணம் பிந்துதல் என்றதும் இன்று எவருக்கும் நினைவுக்கு வருவது விமான நிலையமே. பெட்டியைக் காலருகில் நிறுத்திக்கொண்டு, அறிவித்தற் பலகையை அடிக்கடி அண்ணாந்து பார்க்கும் பயணியின் தோற்றம் கட்டுநாயக்காவில் யாவரும் கண்டதே. அப்பயணிக்குக் கூறப்படும் அறிவுரைகளும் பல. பொறுமை வேண்டும், கைப்பையில் மருந்தும் மாற்றுடையும் வேண்டும், பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். இவை நல்ல அறிவுரைகள்தாம். எனினும் இவை அனைத்தும் காத்திருப்பவரின் குணத்தைப் பற்றியனவேயன்றி, காத்திருக்கும் வேளையில் அவருக்கு உணவும் படுக்க இடமும் கொடுக்க வேண்டியவர் யார் என்பதைப் பற்றியன அல்ல. இவ்விரண்டில் பின்னையதே பெரிய கேள்வி எனலாம்.

ஐரோப்பியர் இக்கேள்விக்குச் சட்டத்தால் விடை கண்டனர். 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, விமானம் இரத்தானாலோ நெடுநேரம் பிந்தினாலோ பயணிக்கு உணவும், இரவு தங்க நேரின் விடுதியும் அளிப்பது விமானக் கம்பனியின் கடமையாகும். தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடும் உண்டு. அசாதாரண காரணங்கள் நேரும்போது மட்டும் இழப்பீட்டுக்கு விலக்களிக்கப்படுகின்றது. 2010 ஏப்பிரலில் ஐஸ்லாந்தின் எரிமலையொன்று கக்கிய சாம்பலினால் ஐரோப்பிய வான்பரப்பின் பெரும்பகுதி பல நாள்கள் மூடப்பட்டு, ஏறக்குறைய ஓர் இலட்சம் பறப்புகள் இரத்துச் செய்யப்பட்டன. எரிமலை வெடித்ததற்குக் கம்பனி எங்ஙனம் பொறுப்பாகும் என்ற வாதம் நியாயம் போலவே தோன்றும். ஆயினும் அதனால் எழுந்த வழக்கொன்றில் 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. அத்தகைய வேளையில் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை; ஆனால் காத்திருப்பவரைப் பராமரிக்கும் கடமைக்கு நாள் வரையறையும் இல்லை, பண வரையறையும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தகைய கடமை எதுவும் எவர் மீதும் சுமத்தப்படாத ஒரு காலத்தில், மணிக்கணக்காக அன்றி ஆண்டுக்கணக்காகப் பயணம் பிந்தியவர்கள் இலங்கையில் இருந்தனர். அவர்கள் மலைநாட்டுத் தோட்டத் தமிழர். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, உந்துகொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே பரந்து கிடக்கும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் அவர்களுள் ஒரு பகுதியினர். நுவரெலியா, அற்றன் பகுதிகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குச் சப்பிரகமுவத் தோட்டங்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென முடிவு செய்தது 1974ஆம் ஆண்டிலேயே. பத்தாண்டுக் காலம் அவ்வளவு மக்கள் எந்தக் கணக்கிலும் சேராமல் இருந்தனர்.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், டிசெம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை அண்டி எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட கப்பல் சென்றடைந்த துறை அதுவே. திரும்பிச் செல்வோரை இறக்க வேண்டிய துறையே, செல்வோர் யார் எவர் என முடிவாகுமுன் கடலுக்கு இரையாயிற்று. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது 1967ஆம் ஆண்டிலாதலால், பெருந்தொகையான பயணங்கள் அதன் பின்னரே தொடங்கின.

சப்பிரகமுவத் தொழிலாளி தலைமன்னாருக்குச் சென்ற வழி நீண்டது. கேகாலைப் பகுதியினர் பொல்காவலையில் வடபகுதிக் கோச்சியைப் பிடித்தனர். இரத்தினபுரிப் பகுதியினர் முதலில் கொழும்பை அடைய வேண்டியிருந்தது. அவிசாவளை வழியாக ஓப்பநாயக்கா வரை ஓடிய சிறிய களனிவெளிப் புகைவண்டி 1970களில் இரத்தினபுரிப் பக்கம் நின்றுபோனபின் பேருந்தே கதி. மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் என இரவெல்லாம் ஓடித் துறையை அடைவது வழக்கம். இப்பாதைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் ஈடு கொடுக்க வேண்டிய பாதை. வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவம் வலுத்துக் களுகங்கை பெருகினால் இரத்தினபுரி நகரமே நீருள் நிற்கும். மண் சரிந்து தெரு மூடப்படும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவம் பாக்கு நீரிணையைக் கலக்கும், கப்பல் புறப்படாது.

மழைக்காகக் காத்திருப்பது இறப்பர்த் தோட்டத்தாருக்குப் புதிதன்று. பட்டை நனைந்திருந்தால் பால்வெட்ட இயலாது. வெட்டாத நாளில் பேர் இல்லை, அல்லது அரைப்பேர். வானத்தைப் பார்த்து வயிற்றைக் கட்டும் பழக்கம் அவர்களுக்குக் கைவந்தது. ஆனால் கடவுச்சீட்டுக்குக் காத்திருப்பது வேறுவகை. அதற்கு வானத்தில் அறிகுறி எதுவும் இல்லை.

கடவுச்சீட்டு வந்த பின்னும் பயணம் தொடங்கிவிடுவதில்லை. இலங்கையில் தங்குவதற்கான வதிவிட விசா குறித்த காலத்துக்கே வழங்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வரவேண்டும்; அக்கடதாசிகள் தோட்டத்துக் கந்தோருக்கும் கொழும்புக்குமாக அலைந்தன. பணம் வருமுன் விசா முடிந்தால் அவர் சட்டப்படி தங்கியிருக்க உரிமையற்றவர். விசா முடியுமுன் புறப்பட்டால் பல்லாண்டு உழைத்த பணம் பின்னால் நின்றுவிடும். ஒரே வீட்டில் தந்தை ஒரு நாட்டுக்கும், மணமான மகள் மற்றொரு நாட்டுக்கும் விண்ணப்பித்திருந்த நிலையும் உண்டு. இவ்விரு தாமதங்களுக்குமிடையே, ஆட்டையும் கோழியையும் விற்றுவிட்டு, கட்டிய தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். செக்றோலில் பெயர் வெட்டப்பட்டவருக்குப் பேர் இல்லை. லயத்து அறையையோ வேறொருவர் எதிர்பார்த்திருப்பார்.

அவர்களுக்கு உணவளித்தவர் யார்? கையொப்பமிட்ட அரசுகள் அல்ல, தோட்டமும் அன்று. பக்கத்துக் காம்பிராக்காரரே அளித்தனர். பெயர் வெட்டப்பட்ட மாமாவுக்கும் அத்தைக்கும் அவ்வீட்டு ரொட்டியில் பங்கு கிடைத்தது. கட்டிய பெட்டியை அவிழ்க்க மனமில்லாதவருக்குச் சட்டியும் பாயும் இரவலாயின. விட்டுக்கொடுத்த அறைக்கு ஆள் வந்துவிட்டால் இரண்டு குடும்பங்கள் ஒரு காம்பிராவில் ஒடுங்கின. இதனை மலையக மக்களின் விருந்தோம்பல் என்று புகழ்ந்து விட்டுவிடுவது எளிது. ஆனால் 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைந்து, மாவும் அரிசியும் கிடையாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோதும் இதுவே நடந்தது. அன்று பகிரப்பட்டது பசியேயன்றி மிகுதியான உணவன்று. அரசுகளின் தாமதத்துக்கான செலவு, அதனைத் தாங்க மிகக் குறைந்த வலுவுடையவர்களின் அடுப்பிலே கணக்கு வைக்கப்பட்டது.

இறுதியில் நாள் குறிக்கப்பட்டபோது நிலையங்களில் எழுந்த அழுகையினால் அப்புகைவண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் மலையகத்தில் வழங்கியது. போகிறவர் மட்டும் அழவில்லை.

சப்பிரகமுவவில் காத்திருப்பின் தன்மையை முற்றாக மாற்றியவை 1977, 1981ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள். நுவரெலியாவைப் போலன்றி இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகக் கிடந்தன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. அதுவரை தாமதத்தை நொந்தவர்கள், தாமதம் இனி ஆபத்து எனக் கண்டனர். இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோருள்ளும் சிலர் மனம் மாறினர். வேறு சிலர் கடலை விட்டு வவுனியாப் பக்கம் நடந்தனர். அயற்கிராமத்துச் சிங்கள மக்களுள் தம் வீட்டில் ஒளித்துக் காத்தவர்களும் இருந்தனர் என்பதை மறைத்தல் தகாது.

நீடிக்கப்பட்ட ஒப்பந்தக் காலம் 1981 ஒக்டோபருடன் முடிவுற்றது. 1984ஆம் ஆண்டில், நாட்டில் மூண்ட போரினால், தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடவுச்சீட்டைப் பெற்றும் புறப்படாதிருந்த பல்லாயிரம் பேருக்கு அது தாமதமன்று, இரத்து. விமானம் இருந்தது, ஆனால் ஒரு குடும்பத்தின் பாத்திர பண்டங்களையும் ஆறேழு உயிர்களையும் விமானத்தில் ஏற்றும் வசதி எத்தனை தொழிலாளருக்கு இருந்திருக்கும்? அவர்கள் மறுபடியும் பெட்டியை அவிழ்த்தனர். பழைய மரங்களையே வெட்டினர். ஆண்டுகள் செல்ல, ஒரு நாட்டின் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு மறு நாட்டிலே பேரப்பிள்ளைகளைக் கண்டனர்.

அவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகளாகலாம் என்றும், இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் அதனைத் தாமாகத் துறப்பதாகப் பிரகடனம் செய்து அவ்வுரிமை பெறலாம் என்றும் அச்சட்டம் விதித்தது. அனுப்புவதற்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட அதே நாள், அனுப்பப்படாதிருந்தமைக்குச் சான்றாக அமைந்தது.

இப்பொழுது அத்தோட்டங்களின் பெண்களுள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். 2020 மார்ச்சில் கொள்ளைநோயினால் கட்டுநாயக்கா வருகைப் பயணிகளுக்கு மூடப்பட்டு, 2021 சனவரி 21ஆம் நாள் வரை வழமையான விமானங்கள் இயங்காதிருந்தபோது, வேலையிழந்த தொழிலாளர் பலர் சிறப்பு விமானங்களில் இடம் கிடைக்கும்வரை வெளிநாட்டிலே முடங்கினர். அங்கும் ஒருவர் அறையில் ஐவராகப் படுத்து, ஒரு பானையில் சமைத்தே நாள்களைக் கழித்தோர் இருந்தனர். பாட்டிமார் லயத்தில் செய்ததைப் பேத்திமார் கல்வி கற்று அறியவில்லை, கண்டே அறிந்திருந்தனர்.

தலைமன்னார்த் துறை வரையான புகைவண்டிப் பாதை போருக்குப் பின் திருத்தப்பட்டு 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாள்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பொல்காவலையில் ஏறினால் இன்றும் தலைமன்னாரில் இறங்கலாம். அங்கே பழைய இறங்குதுறையின் எச்சங்கள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. இராமேசுவரத்துக்குக் கப்பல் இல்லை.