நாற்பது நாள் கோழிக்கு எதுக்குத் தடுப்பூசி?

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்ததிலேர்ந்து என் மேஜைக்கு வர்ற கடன் விண்ணப்பங்கள்ல கோழிப்பண்ணையும் அப்பப்ப உண்டு. பி.காம். படிச்சவனுக்குக் கோழியைப் பத்தி அது இலையில விழுந்த பிறகுதான் தெரியும் :-) ஆனா செலவுப் பட்டியலை வரி வரியாப் படிக்கத் தெரியும். அப்படிப் படிச்சப்போ கண்ணுல பட்ட சமாச்சாரம் இது. எங்க இருந்தாலும் நம்ம வீட்டு ஞாயித்துக்கிழமைக் குழம்போட சம்பந்தப்பட்டது.

ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 'தடுப்பு மருந்து'ன்னு ஒரு வரி இருக்கும். 5-லிருந்து 7 நாளுக்குள்ள ராணிக்கெட் நோய்க்கு லசோட்டா சொட்டு. நம்ம பக்கம் வெள்ளைக்கழிச்சல்னு சொல்வோமே, அதேதான். 12-14 நாள்ல கம்போரோவுக்குத் தண்ணியில கலந்து. 21-28 நாள்ல மறுபடி லசோட்டா. குளோரின் மருந்தைக் கெடுத்துடக் கூடாதுன்னு தண்ணியில பால் பவுடர் போடுவாங்க. கோழி தாகத்துல உடனே குடிக்கணும்னு கொஞ்ச நேரம் முன்னாடியே தண்ணியை நிறுத்திடுவாங்க.

இது எல்லாமே வைரஸ் நோய்களுக்கு. ஈ-கோலை, சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியா நோய்களும் பண்ணைக்கு வரத்தானே செய்யும்? அதுக்கு அடுத்த வரி. வெறுமனே 'மருந்து'ன்னு போட்டு ஒரு தொகை.

நெடுமங்காடு பக்கத்துலேர்ந்து வந்த ஒரு பண்ணைக்காரர்கிட்ட, பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி போட மாட்டீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். "கோழிக்கு ஆயுசு நாற்பது திவசமல்லே உள்ளூ, சாரே?"

யோசிச்சா அதுல கணக்கு இருக்கு. பாக்டீரியாவைக் கொன்னு எண்ணெயில கலந்து போடுற ஊசி வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாவது வேணும். பல சமயம் ரெண்டாவது ஊசியும் வேணும். அதுக்குள்ள கோழி கடைக்குப் போயிடும். 5000 கோழியை ஒண்ணொண்ணாப் பிடிச்சு ஊசி போடக் கூலி வேற. ஈ-கோலையில வகைகள் ஏராளம். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொண்ணைத் தடுக்கும்னு நிச்சயமில்லை.

இதுல ஒரு வேடிக்கை. ஆய்வுக்கூடத்துல பிறந்த முதல் தடுப்பு மருந்தே கோழிக்குத்தான், அதுவும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரா! 1879-80ல லூயி பாஸ்டர், பழசாகி வீரியம் குறைஞ்ச கோழி காலராக் கிருமியைக் கோழிகளுக்குச் செலுத்தினார். அதுங்க பிழைச்சதோட, அப்புறம் புதுக் கிருமி செலுத்தினப்பவும் தாக்குப்பிடிச்சது. அந்தக் கிருமிக்குப் பேரே இப்போ பாஸ்சுரெல்லா. நம்ம திருவனந்தபுரம் மாவட்டத்துலயே, பாலோடுல இருக்கிற அரசு கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனத்துல அதுக்கு மருந்து தயாராகுது. ஆனா பிராய்லருக்கு இல்லை, வாத்துக்கு! முட்டைக்காக வளர்க்கிற வாத்து வருஷக்கணக்குல இருக்கும், ஊசிக் காசு தேறும். நாற்பது நாள் கோழிக்குத் தேறாது.

ஊசி தேறாத இடத்துல ஆன்டிபயாடிக் வந்து உட்கார்ந்துக்குது. நோய் வந்த பிறகு கொடுத்தாப் பரவாயில்லை. வராமலே இருக்கட்டும்னு தண்ணியிலயும் தீவனத்துலயும் கலக்கிறதுதான் வம்பு. மத்த மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு மனுஷனுக்குக் கடைசியாக் கொடுக்கிற மருந்துகள்ல ஒண்ணு கோலிஸ்டின். அதையே கோழிக்கும் கொடுத்துக்கிட்டு இருந்தோம். அதை எதிர்த்து நிற்கிற மரபணு ஒரு பாக்டீரியாவிலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுதுன்னு 2015-ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க. 2019 ஜூலையில இந்தியா, உணவுக்கு வளர்க்கிற பிராணிகளுக்குக் கோலிஸ்டினைத் தடை பண்ணிச்சு. மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கக் கேரளம் 2018-லயே தனித் திட்டம் போட்டது.

பேங்க்காரன் பார்வையில சொல்றேன். ஆன்டிபயாடிக் மலிவாத் தெரியுறதுக்குக் காரணம், அதோட முழுச் செலவு அந்த ரிப்போர்ட்ல இல்லாததுதான். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில ஊசி மருந்து பலிக்காமப் போனா, அந்தச் செலவு எந்தப் பண்ணைக் கணக்குலயும் ஏறாது.

சரி, வழி இல்லையா? இருக்கு. குஞ்சுக்கு நேரமில்லைன்னாத் தாய்க்கோழிக்குப் போடலாம். அதோட எதிர்ப்புச் சக்தி மஞ்சக்கரு வழியா இறங்கிக் குஞ்சை முதல் ஒண்ணு ரெண்டு வாரம் காக்கும். வீரியம் குறைச்ச உயிருள்ள ஈ-கோலை மருந்தை முதல் நாளே குஞ்சு மேல தெளிக்கிற முறையும் வந்தாச்சு. பிரிட்டன்ல 1998 முதல் சிங்க முத்திரை முட்டைக்கு, கோழிக்குச் சால்மோனெல்லா தடுப்பூசி கட்டாயம். விளைவு? 2017-ல கர்ப்பிணிகள்கூட அந்த முட்டையை அரைவேக்காடாச் சாப்பிடலாம்னு அரசே சொல்லிடுச்சு. நார்வே மீன் பண்ணைகள் 1987-ல கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டினாங்க. பாக்டீரியாத் தடுப்பூசி வந்த பிறகு, மீன் பல மடங்கு பெருகியும், இப்போ ஒரு டன்னுக்கும் கீழ!

ஆனா இதைப் பண்ணைக்காரர் தனியா முடிவு பண்ண முடியாது. பல்லடம் பக்கம் நடக்கிற ஒப்பந்த முறை தெரியும்ல? குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியோடது. பண்ணைக்காரருக்குக் கிலோவுக்கு இத்தனைன்னு வளர்ப்புக் கூலி. தாய்க்கோழியும் கம்பெனி கையில. அவரால முடிஞ்சது கூளத்தைக் காய வைக்கிறது, காத்தோட்டம் விடுறது, வைரஸ் மருந்தை நாள் தவறாமக் கொடுக்கிறது. அதுவும் சின்ன விஷயமில்லை. ராணிக்கெட்டோ, ஈரக் கூளத்து அம்மோனியாவோ மூச்சுக்குழாயைப் புண்ணாக்கின பிறகுதான் ஈ-கோலை பல தடவை உள்ள நுழையுது.

கேட்க வேண்டியவங்க வாங்குற நாமதான். இந்த ஊர்ல பேட்டையில அரசோட கெப்கோ இருக்கு, குடும்பஸ்ரீயோட 'கேரளா சிக்கன்' கடைகள் இருக்கு. தமிழ்நாட்டுக் கோழியும் லாரி லாரியா வருது. எங்க வாங்கினாலும், தாய்க்கோழிக்கு என்ன தடுப்பூசி, விற்கிறதுக்கு எத்தனை நாள் முன்னாடி மருந்தை நிறுத்தினாங்கன்னு கேளுங்க. கடைக்காரர் முழிப்பார். நாலு பேர் கேட்டா அவர் தனக்குச் சப்ளை பண்றவரைக் கேட்பார்.

வீட்டுல ரெண்டு விஷயம். மஞ்சத்தூள் போட்டு அலசிட்டாக் கிருமி போயிடும்னு நம்பாதீங்க. தண்ணி தெறிச்சு சிங்க் முழுக்கப் பரவும். நல்லா வேக வைங்க, அதுலதான் சாகும். கோழி வெட்டின பலகையில வெங்காயம் நறுக்காதீங்க.

துபாய், சிங்கப்பூர், லண்டன்ல இருக்கிறவங்க, அங்க கோழிப் பாக்கெட் மேல இதைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்.