மட்டம் பார்த்த பிறகு மனை

தஞ்சாவூரிலிருந்து நாகை சாலையில் புன்னைநல்லூர், சமுத்திரம் ஏரிப் பக்கம் போனால் நகரம் எந்தத் திசையில் வளர்கிறது என்பது தெரியும். நெல் விளைந்த நஞ்சையில் எல்லைக்கல் ஊன்றி, கிராவல் தெரு போட்டு, ஏரிக்காற்று வரும் என்று சொல்லி மனை விற்கிறார்கள். இங்கே வேலை செய்யும் கொத்தனார்களையும் மண் நிரப்பும் ஆட்களையும் கவனித்துப் பேசியதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. ஏரியோரத்தில் குடியிருப்பை வடிவமைக்க முதலில் மண்ணின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்களை நாம் கடைசியில்தான் கூப்பிடுகிறோம்.

கடைக்காலுக்கு வானம் தோண்டும் முன் மேஸ்திரி மட்டக்குழாயை எடுக்கிறார். தண்ணீர் நிரப்பி, குமிழி போகும்வரை தட்டி, ஒரு முனையைச் சாலையோரத்தில் பெரியாளிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு மனையின் கடைக்கோடி மூலைக்குப் போகிறார். நீர் அசையாமல் நின்றதும் குச்சியில் கோடு விழுகிறது. சமதரையாகத் தெரிந்த இடம் ஒரு சாண் சாய்ந்திருப்பது அப்போது தெரிகிறது. “தண்ணி எந்தப் பக்கம் வடியுது?” என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. கோடையில் கைநுழையும் அளவு வெடித்து, மழையில் உப்பும் களிமண் இது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் கடைக்காலுக்கு அடியில் ஆற்றுமணல் கேட்கிறார். ஆனால் அவர் வருவதற்குள் தெருக்கள் குறுக்கே போடப்பட்டு, வாய்க்கால் தூர்ந்து, வடியும் பக்கம் அடைபட்டிருக்கிறது. மிச்சம் இருக்கும் ஒரே வழி, சவுடு கொட்டி மனையை உயர்த்துவது.

உயர்த்தினால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு மனைக்குப் போதும். அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும், அவரும் உயர்த்துவார். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது. இதைவிட என்னை உறுத்துவது வேறு. வல்லம் பக்கத்து மேட்டு நிலத்தை வெட்டி, அந்தக் கிராவலைக் கிழக்கே கொண்டுவந்து நஞ்சைப் பள்ளத்தை நிரப்பி வீடு கட்டுகிறோம். வீட்டையே மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

காவிரி டெல்டாவின் பழைய ஊர்கள் இதைச் செய்தன. குடியிருப்பான நத்தம் மேட்டில் இருந்தது; வயலும் வடிகாலும் தாழ்வில் இருந்தன. குளம் வெட்டிய மண் அருகிலேயே வீட்டுக்கு மேடானது. தஞ்சை நகரிலும் மழைநீரைச் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்த்து, தெளியவிட்டு, நிலத்தடிக் குழாய் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஏரிப் பகுதியில் இன்று குடியிருப்புகள் இருக்கின்றன. இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கண்டலம ஏரியோரம் விடுதி கட்டியபோது கட்டடத்தைத் தூண்கள்மேல் நிறுத்தி, மலையிலிருந்து வழியும் மழைநீர் அடியில் ஓட விட்டார். அது வசதி படைத்த விடுதி, நமக்குக் கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. தூண் கட்டுப்படியாகாமல் போகலாம். நீரின் பாதையை விட்டுவைக்கத் தனிச் செலவு எதுவும் இல்லை.

டெல்டா ஏரி ஆண்டு முழுதும் ததும்பாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வடுவூர் ஏரியும் கோடையில் வறண்டுவிடும். வறண்ட ஏரியின் உள்வாய் காலி இடமாகத் தெரிவதால்தான் அதில் கல் ஊன்றத் தோன்றுகிறது. ஐப்பசியில் தண்ணீர் வரும்போது அது மறுபடி ஏரியாகிறது. உள்வாயையும் கரையையும் வடிகாலையும் தொடாமல் விட்டு, வீடுகளை மேட்டுப்பக்கம் நெருக்கமாக வைத்து, தெருக்களைச் சரிவின் போக்கிலேயே விடுவதுதான் இந்த நிலத்துக்குப் பொருந்தும்.

இப்படிச் செய்தால் மனைகளின் எண்ணிக்கை குறையும், விலை ஏறும் என்பதுதான் வலுவான எதிர்ப்பு. வீடு வேண்டியவர்கள் பலர். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. இப்போது அந்தப் பங்கு பெரும்பாலும் விலைபோகாத மூலையில் விழுகிறது. வரைபடம் போடும் முன் ஒரு மேஸ்திரியையும் மட்டக்குழாயையும் அழைத்துப் போய், மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதையே அந்தப் பங்காக ஒதுக்கலாம். அங்கே சரிவான கரையோடு ஆழமில்லாத குளம் வெட்டினால் மழைநீர் தேங்க இடம் கிடைக்கும். வெட்டிய மண் மனைகளை உயர்த்த உதவும். வெளியிலிருந்து வரும் சவுடு லாரிகளும் குறையும். இதனால் மனை ஒன்றுகூடக் குறையப்போவதில்லை.