தட்டிப் பார்த்தாற் போதுமா?

எமது மகன் பழைய அலோய் சில்லுகள் நான்கினை மலிவு விலைக்கு வாங்கி வந்தான். பௌமன்வில் அருகே, 1961 இல் திறக்கப்பட்ட மொஸ்போட் பந்தயத் திடலிற் காரோட்ட வேண்டுமென்பது அவனது நெடுநாள் ஆசை.

பிறம்ரனில் எமது வீட்டு முற்றத்தில், ஊர்ச்சந்தையிற் சட்டி வாங்குவோர் போல ஒவ்வொரு சில்லையும் தட்டிப் பார்த்தோம். நான்கும் கணீரென ஒலித்தன. "பிறகென்ன, அப்பா?" என்றான்.

ஆயினும் எமது மனம் ஒப்பவில்லை. அலுமினியம் மீண்டும் மீண்டும் பாரம் தாங்கிக் களைத்துப்போகும் உலோகம். வீதிக் குழிகளும் பனிக்கால உப்பும் அதனை மேலும் நலிவிக்கும். வெடிப்போ பெரும்பாலும் கண்ணிற் படாத உள்விளிம்பிலும், ஆரங்களின் பின்புறத்திலும், நட்டுத் துளைகளைச் சுற்றியுமே தொடங்குகின்றது.

ரயர்களைக் கழற்றிச் சில்லுகளை நன்கு கழுவினோம். வெடிப்பறியும் சிவப்புச் சாயத்தை விசிறி, பத்து நிமிடங்களின் பின் துடைத்து, வெண்பூச்சினைத் தெளித்தோம். ஒரு சில்லின் உள்விளிம்பில் மயிரிழை போன்றதொரு செங்கோடு எழுந்தது.

ஒட்டித் திருத்தலாம் என்றார் நண்பரொருவர். பந்தயத் திடலின் வளைவுகளிலும் கடுந் தடுப்பிலும் சில்லின் மீது விழும் பாரம் வீதியிலும் மிக அதிகம். ஆகவே மறுத்தோம். நான்கும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மகன் இரு நாட்கள் எம்முடன் பேசவில்லை.

பின்னர் புதிய சில்லுகளைப் பூட்டினோம். நட்டுகளை உரிய அளவுக்கு முறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சரிபார்த்தோம்.

எத்தனையோ இடர் கடந்து இக்கரை சேர்த்த பிள்ளைகளைச் சில டொலர் மலிவுக்கு ஈடு வைக்கலாமா?