மொட்டை மாடி வழக்கு

நேற்று ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் போனது. பாயைச் சுருட்டிக்கொண்டு மாமாவும் நானும் மொட்டை மாடிக்கு ஏறினோம். மாமா கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். படுத்ததும் படுக்காததுமாக, "எல்லாம் தலையெழுத்துடா" என்று ஆரம்பித்தார். சாட்சிக்கு 380ஆவது குறள்: விதியைத் தள்ளிவிட்டு வேறு வழி பார்த்தாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

நான் 620ஐ இழுத்தேன். சளைக்காமல் உழைப்பவனிடம் அதே விதி தோற்று ஓடும் என்கிறது அது. இரண்டுமே அந்தந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். வள்ளுவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"பொறந்த குழந்தைக்கு இதயத்துல ஓட்டை. அது யார் கணக்கு மாமா?"

"போன ஜென்மத்துக் கணக்கு."

"என்ன குத்தம்னே சொல்லாம தண்டனையா? குற்றப்பத்திரிகை வேண்டாமா?"

மாமா பேசவில்லை. ஒரு கொசுவை அடித்தார். (அதற்கும் பழைய பாக்கி இருந்திருக்கும்.)

பிறகு வானத்தைக் காட்டி, "இதுக்காவது முடிவு உண்டா?" என்றார்.

1823இல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மன் வானியலாளர் எழுப்பிய சிக்கலைச் சொன்னேன். பிரபஞ்சம் எல்லையற்றது, என்றென்றும் இருப்பது, எங்கும் நட்சத்திரம் என்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் ஒரு நட்சத்திரத்தில்தான் முட்ட வேண்டும். இரவே இருக்கக் கூடாது. இருட்டுகிறதே, ஏன்? பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள்தான். ரொம்பத் தூரத்து வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை.

"அப்போ எல்லை இருக்கா, இல்லையா?"

"வயசு இருக்கு மாமா. எல்லையைப் பத்தி இந்த இருட்டு ஒண்ணும் சொல்லாது."

"வாய்தா வாங்குறியா?" என்றார்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெருவிளக்கு எரிந்ததும் பாதி நட்சத்திரங்களைக் காணோம்.