வாப்பாவின் போன்

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கடந்த பிறகும் அவருடைய போனுக்குக் கோல் வந்துகொண்டிருந்தது. அவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். கடை பூட்டிக் கிடப்பது தெரியாத வெளியூர்க்காரர்கள் எடுப்பார்கள். உம்மா இத்தாவில் அறைக்குள் இருந்தார். நான் அது அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு தம்பி அதை எடுத்துப் பேசுவது கேட்டது.

"வாப்பா பள்ளிக்குப் போயிருக்கார். வந்தா சொல்றன்."

அவனுக்கு எட்டு வயது. மையவாடிக்குப் போய்த் தன் கையால் மண் போட்டுவிட்டு வந்தவன். நான் போனைப் பறித்து, "மௌத்தான மனிசரப் பத்திப் பொய் சொல்லுவியா?" என்று ஏசினேன். போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு 'வாப்பா' என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவேயில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவன்மேல் பொறாமை. அந்தப் பொய்யை அவ்வளவு இலகுவாகச் சொல்ல அவனால் முடிந்ததே!

பாடசாலைக்குத் திரும்பியபோது என்னைக் கண்டதும் தோழிகளின் பேச்சு நின்றது. தங்கள் வாப்பாமாரைப் பற்றி என் முன்னால் பேசாமலிருக்க மிகவும் பாடுபட்டார்கள். வீட்டுக்கு வந்த பெரியவர்கள், "ஸபூர் செய்ங்க மகள், உம்மாக்கு முன்னால அழாதீங்க" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எங்கே போய் அழுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆங்கில தினப் பேச்சுப் போட்டிக்காகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 'கேம்ப் எரின்' பற்றி வாசித்தேன். முகாம் என்றால் நமக்கு அகதி முகாமும் இராணுவ முகாமும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் வீரர் ஜேமி மோயரும் அவர் மனைவி கரனும், ஈரல் புற்றுநோயோடு போராடிய எரின் மெட்காஃப் என்ற பிள்ளையோடு பழகியிருக்கிறார்கள். 2000இல், 17 வயதில், அவள் இறந்துபோனாள். அவளுடைய பெயரில் 2002இல் வொஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் முதல் முகாம் நடந்தது. பிறகு வேறு பல நகரங்களுக்கும் பரவியது. தாயையோ தகப்பனையோ கூடப்பிறந்தவரையோ இழந்த 6 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் ஒரு வார இறுதியை அங்கே கழிக்கிறார்கள். கட்டணம் இல்லை. துயரத்தைக் கையாளத் தெரிந்த ஆலோசகர்கள் கூட இருக்கிறார்கள்.

அங்கே விளையாட்டும் உண்டு, இரவில் விளக்கேற்றி இறந்தவர்களை நினைவுகூர்வதும் உண்டு. விளக்கேற்றும் வழக்கம் நமக்கில்லை. நாம் கையேந்தி துஆக் கேட்கிறோம். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தான் இழந்தவரின் படத்தைக் கொண்டுவந்து அதில் வைத்து, இவர் யார் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருமே அப்படி ஒரு படத்தோடு வந்தவர்கள். ஒருவரும் பேச்சை மாற்றமாட்டார்கள். வாசித்தபோது, எங்கள் வீட்டில் வாப்பாவின் படத்தை யார் கழற்றி எங்கே வைத்தார்கள் என்று யோசித்தேன். தம்பியிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சிறு வகுப்பில் படித்த அபூ உமைரின் கதையும் நினைவுக்கு வந்தது. குருவி செத்துப்போன கவலையில் இருந்த அந்தச் சின்னப் பிள்ளையிடம் நபியவர்கள் குருவிக்கு என்ன நடந்தது என்றுதான் விசாரித்தார்கள். நானோ ஏசினேன்.

பேச்சுப் போட்டியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அது போகட்டும். ஆகஸ்ட் விடுமுறையில் தம்பியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். என் வகுப்புத் தோழியும் தன் தம்பியோடு வந்திருந்தாள். அவர்களுடைய வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பையன்கள் இருவரும் நண்டு வளை தோண்டினார்கள். நாங்கள் சற்றுத் தள்ளி இருந்தோம். வெகுநேரம் நண்டைப் பற்றித்தான் பேச்சு. பிறகு அந்தப் பையன் கேட்டான்.

"உன்ட வாப்பா எப்ப மௌத்து?"

"நோன்புக்கு முன்ன. உன்ட வாப்பா?"

"போன வருசம். எனக்கு அவர்ர குரல் மறந்து பெய்த்து."

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி தோண்டுவதை நிறுத்தவில்லை.

"எங்கட வாப்பாட குரல் போன்ல இரிக்கி. பிரேக் கேபிள் வந்திட்டு, நாளைக்கு வாங்கன்னு ஒராளுக்குச் சொல்லி அனுப்பின. கேக்கிறியா?"

"ம்."

"எங்கட ராத்தாட்டத்தான் போன் இரிக்கி" என்று சொல்லிவிட்டு, முதன்முறையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அன்றிரவு அலுமாரியைத் திறந்து போனைச் சார்ஜில் போட்டேன்.