டில்லியில் ஆறு பருவங்கள்

டில்லிக்கு மாற்றலாகிப் போகும் நம்மவர்கள் புறப்படுவதற்கு முன் வழக்கமாக மூன்று விஷயங்களை விசாரிப்பார்கள். அங்கே நல்ல அரிசி கிடைக்குமா? காப்பிக்கொட்டை எங்கே வாங்குவது? குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் உண்டா? இம்மூன்றைப் பற்றியும் இன்று கவலை வேண்டாம். கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர்விஹாரிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியிருக்கின்றன. 1946-ல் தோன்றிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. குன்றின்மேல் சுவாமிநாதன் கோயில் கொண்டிருக்கிறான்.

விசாரிக்க வேண்டிய நாலாவது விஷயம் ஒன்று உண்டு. அதை அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. எந்த மாதத்தில் போய் இறங்கப் போகிறோம் என்பதே அது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வியின் முக்கியத்துவம் எளிதில் புலப்படாது. நம் ஊரில் ஒரே வேஷ்டியும் ஒரே துண்டும் வருஷம் முழுவதற்கும் போதும். டில்லியிலோ, ஒரே வீட்டில் ஒரு வருஷத்துக்குள் ஐந்தாறு தேசங்களில் வாழ்ந்தாற்போல் இருக்கும்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். அந்த ஆறையும் கண்ணால் காண விரும்புகிறவர்கள் டில்லிக்குப் போகலாம். மாதக் கணக்கு சற்று முன்பின்னாக இருக்கும். ஆனால் வரிசை பிசகாது.

கடலில்லாத ஊர்

இதற்குக் காரணம் எளியது. சென்னை பதின்மூன்றாவது அட்சரேகையில் கடலோரத்தில் இருக்கிறது. டில்லியோ இருபத்தெட்டரையில், கடலுக்கு வெகு தூரத்தில் கிடக்கிறது. ஜலம் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். மண் சீக்கிரம் காயும்; சீக்கிரம் குளிரும். கோடையில் நமக்கு மாலைதோறும் காற்று அனுப்பிக் காப்பாற்றும் கடல் அங்கே இல்லை. பகல் பொழுதின் அளவும் வேறுபடும். ஜூன் மாதத்தில் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் வெளிச்சம். டிசம்பரிலோ பத்தேகால் மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சபதர்ஜங் வானிலை நிலையத்தில் 1944-ம் வருஷம் மே 29-ம் தேதி உஷ்ணம் 47.2 டிகிரி வரை ஏறியது. அதே இடத்தில் 1935 ஜனவரி 16-ம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரிக்கு இறங்கியது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

வெள்ளைக்கார அரசாங்கத்தார் 1911-ல் டில்லியைத் தலைநகராக அறிவித்தார்கள். 1931-ல் புது டில்லியைத் திறந்து வைத்தார்கள். ஆனால் கோடை வந்ததும் கச்சேரிக் காகிதங்களோடு சிம்லா மலைக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். சுதந்திர இந்தியாவில் அந்தச் சலுகை கிடையாது. மந்திரிக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே வெயில்தான்.

பனிக்காலம்

தீபாவளி கழிந்ததும் குளிர் மெல்ல அடியெடுத்து வைக்கும். புதிதாக வந்தவர்கள், "இவ்வளவுதானா? நம் ஊட்டி போலத்தானே இருக்கிறது!" என்று கம்பளி வாங்குவதை ஒத்திப் போடுவார்கள். மார்கழி பிறந்ததும் உண்மை தெரியும். இரவில் உஷ்ணம் ஐந்து டிகிரிக்கு வந்துவிடும். மூடுபனி கவிந்த நாட்களில் பகலிலும் பதினைந்தைத் தாண்டாது. ரெயில்களும் விமானங்களும் மணிக்கணக்கில் தாமதமாகும்.

விசித்திரம் என்னவென்றால், அக்காலத்தில் வீதியைக் காட்டிலும் வீட்டுக்குள்ளேதான் குளிர் அதிகம். டில்லி வீடுகளில் பெரும்பாலானவை வெயிலைத் தடுப்பதற்கென்று கட்டப்பட்டவை. குளிர்காய வசதி இல்லாதவை. ஆகையால் சூரியன் எட்டிப் பார்த்தால் ஊரே மொட்டை மாடிக்கு ஏறிவிடும். பட்டாணி உரிப்பதும், குழந்தைகள் பாடம் படிப்பதும், பாட்டிமார் வம்பளப்பதும் வெயிலில்தான். பஞ்சு அடைத்த ரஜாய்களையும் அங்கேயே காயப் போடுவார்கள்.

கம்பளித் துணிகளைச் சென்னையில் வாங்கிச் செல்ல வேண்டாம். கார்த்திகையில் டில்லியிலேயே மலிவாகக் கிடைக்கும். கனமான ஒன்றைப் போர்த்துவதைவிட மெல்லியவை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே உத்தமம். நடுவே தங்கும் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. காதையும் பாதத்தையும் முதலில் மூட வேண்டும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் ஸ்நானம் செய்யும் நம் வீட்டு மார்கழி வழக்கத்தை வயோதிகர்கள் அங்கே கைவிடுவது அவசியம். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சமையலறைக்கும் பருவம் உண்டு. தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். பால் தயிராக மறுக்கும். இட்லி மாவை வெந்நீரில் கரைத்து, கம்பளி சுற்றி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் வைத்தாலொழியப் பொங்காது. ஆனால் அதற்கெல்லாம் ஈடாகச் சிவந்த காரட்டும், பச்சைப் பட்டாணியும், வெந்தயக் கீரையும், கடுகுக் கீரையும் தெருவெல்லாம் குவிந்து கிடக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் அங்கீட்டி என்னும் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதில்லை. குடும்பத்தோடு மாண்டார்கள் என்ற செய்தி குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயுவால் வெந்நீர் போடும் கருவியும் இதே அபாயமுள்ளது. ரஜாய் இன்னொன்று வாங்குங்கள். அடுப்பை மாத்திரம் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

புகைக் காலம்

நம் இலக்கணம் அறியாத ஏழாவது பருவம் ஒன்றையும் டில்லி உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. ஐப்பசிக் கடைசியில் காற்று ஓய்ந்துவிடும். தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல் அமைந்துவிடும். மோட்டார்ப் புகை, கட்டட வேலைத் தூசி, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயல்களில் கொளுத்தும் வைக்கோல் தாளின் புகை, தீபாவளி வெடி எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 60 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் அரசாங்கத்தின் வரம்பு. நவம்பரில் அது பல மடங்கு மீறிப் போகும் நாட்கள் அநேகம். 2016-லும் 2019-லும் அம்மாதத்தில் பள்ளிக்கூடங்களையே மூட நேர்ந்தது.

காலையில் ராசி பலன் பார்ப்பவர்கள் அத்துடன் காற்றின் தரக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். அது முந்நூறைத் தாண்டினால் அதிகாலை உலாத்தலை நிறுத்துங்கள். நடுப்பகலில் காற்று சற்றுத் தேறும். துணி முகமூடி நுண்தூசியைத் தடுக்காது. என்-95 என்ற வகையே பயன்படும். வீட்டில் ஆஸ்த்மாக்காரர் இருந்தால் வைத்தியரைக் கலந்துகொண்டு, முடிந்தால் அவரைத் தை மாதத்துக்கு அப்பால் அழைத்துக்கொள்வது நலம். பெருமை பேசிச் சமாளிக்கக்கூடிய விஷயம் அன்று இது.

இளவேனிலும் முதுவேனிலும்

மாசி பிறந்ததும் டில்லி வேறு ஊராகிவிடுகிறது. ராஷ்டிரபதி மாளிகைத் தோட்டத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். இலை உதிர்ந்த இலவ மரங்களில் ரத்தச் சிவப்பாகப் பூக்கள் பூக்கும். வேம்பும் அரசும் பழைய இலைகளைக் கொட்டிவிட்டுத் தளிர்க்கும். "வஸந்தம்" என்ற சொல்லுக்கு அப்பொழுதுதான் அர்த்தம் விளங்குகிறது. ஆனால் இந்தச் சுகம் சுமார் ஆறு வாரம்தான்.

சித்திரைக்கு மேல் ராஜஸ்தானப் பாலைவனத்துப் பக்கமிருந்து "லூ" என்னும் அனல் காற்று வீசும். சென்னை வெயிலில் வியர்வை வழியும். நாமும் ஜாக்கிரதையாக இருப்போம். டில்லியில் வியர்வை தோன்றியவுடனேயே உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவது தெரிவதே இல்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். சுட்ட மாங்காயில் உப்பும் சர்க்கரையும் வறுத்த சீரகமும் சேர்த்த பானகத்தை அங்கே "ஆம் பன்னா" என்பார்கள். அது ருசிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவருக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால், நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாம் காற்றுக்காகப் பகலில் ஜன்னலைத் திறப்போம். அங்கே காலை ஒன்பது மணிக்குள் மூடிவிட்டு இரவில்தான் திறக்க வேண்டும். புல்தட்டிகளில் நீர் சொட்ட, அதன் வழியே காற்றை இழுத்து அனுப்பும் "கூலர்" பெட்டி மே மாதத்தில் அமிர்தம் போன்றது. உள்ளே வரும் காற்று வெளியேற ஒரு வழி மட்டும் வைக்க வேண்டும். சில மாலைகளில் "ஆந்தி" என்ற புழுதிப் புயல் வானத்தை மஞ்சளாக்கிக்கொண்டு வரும். கொடியில் உலரும் துணிகளை அப்பொழுது மறந்தால் மறுபடியும் துவைக்க வேண்டியதுதான்.

காரும் கூதிரும்

ஜூன் கடைசியில் மழை வரும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அவர்களுக்கு ஆடி, ஆவணியில். நனைந்த தீபாவளியே கண்டு பழகிய நம்மவர்களுக்கு டில்லியின் உலர்ந்த தீபாவளி ஆச்சரியமாக இருக்கும். மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் கூலர் பெட்டி பயன்படாது. அதில் தேங்கிய நீரை உடனே கொட்டித் துடைத்துவிட வேண்டும். புரட்டாசியில் பரவும் டெங்குக் கொசுவுக்கு அதுவே பிறந்த வீடு. தாழ்ந்த பகுதியில் வீடு பார்ப்பவர்கள் யமுனையையும் நினைவில் வைக்க வேண்டும். 2023 ஜூலையில் நதி 208.66 மீட்டர் உயரத்துக்கு ஏறி, 1978-ம் வருஷத்து வெள்ளத்தையும் மிஞ்சிவிட்டது.

மழை விட்டு, புகை தொடங்குவதற்கு முன்னுள்ள சில வாரங்கள் மிக ரம்மியமானவை. வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். விடியற்காலையில் பவழமல்லி உதிர்ந்து கிடக்கும். நவராத்திரியில் நம்மவர் கொலு வைக்க, தெருக்கோடி மைதானத்தில் ராமலீலை நடக்கும். ஊரிலிருந்து தாய் தந்தையரை அழைத்துக்கொள்ள ஏற்ற காலம் ஒன்று இது. மற்றொன்று மாசி, பங்குனி.

முடிவாக ஒரு வார்த்தை. இந்தப் பருவ ஞானம் முழுவதையும் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அடுத்த வீட்டு அம்மாளிடம் இருக்கிறது. நம்மவர்களில் சிலர் வருஷக்கணக்காக டில்லியில் இருந்தும் தமிழ் வீடுகளைத் தவிர வேறு வாசல் மிதிப்பதில்லை. கரோல்பாக்கில் நம் அண்டை வீட்டாரில் பலர் 1947-ல் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களின் சந்ததியார். புதிய ஊரில் முதல் குளிரைக் கழிப்பது எப்படி என்று அவர்கள் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரியும். ஒரு கிண்ணம் ரசத்தோடு போய், "பஹன்ஜி, ரஜாய்க்கு எத்தனை சேர் பஞ்சு போடுவது?" என்று கேட்டுப் பாருங்கள். அரைகுறை ஹிந்தியானாலும் பாதகமில்லை. கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் உங்கள் வீடு தேடி வரும். இந்த தேசம் எவ்வளவு பெரியது என்பதும், அதில் நாம் எங்கே போனாலும் அந்நியர் அல்ல என்பதும் அதனோடு கூடவே வரும்.