மிட்வைஃப் வேலைக்குப் போன மகளுக்கு

கந்தப்பளை

அன்புள்ள மகள் தேவிக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மஸ்கெலியாவில் வேலை என்றதும் உன் பெரியப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இங்கே பனி கடுமை, உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிவிட்டது.

நீ எழுதியதில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. கருத்தடை பற்றி வாசலில் வைத்தே கேட்டு எழுதுவதால் ஒரே நாளில் ஒரு லயம் முடிகிறதென்கிறாய். லயத்தில் பிறந்த பிள்ளை இப்படிச் செய்யலாமா? ஒரு காம்பராவில் இருமினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். மாமியார் திண்ணையில் இருப்பாள், பக்கத்து வீட்டுக்காரி பீலியில் குடத்தை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். எந்தப் பொம்பளை உண்மையைச் சொல்வாள்? உள்ளே போய் உட்கார்ந்து கேள், இல்லையென்றால் கிளினிக்கில் தனியாகக் கூப்பிட்டுக் கேள். நேரம் போனால் போகட்டும்.

அம்மாயிக்கு நடந்ததை உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். எண்பதுகளில் ஒப்பரேஷன் செய்துகொண்டால் அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. லயத்தில் அது பெரிய காசு. தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிங்களப் போமில் பெருவிரலை வைத்தாள். இனிப் பிள்ளையே தங்காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறுவருஷம் எங்கள் தம்பி காய்ச்சலில் போனான். இன்னொரு ஆண்பிள்ளை கேட்டு முனியாண்டிக்கு நேர்த்தி வைத்துக்கொண்டே இருந்தாள், பாவி மனுஷி. ஒரு தமிழ் மிஸ்ஸிதான் பிறகு விளக்கிச் சொன்னது. அதோடு அவள் ஆஸ்பத்திரிப் படி மிதிக்கவேயில்லை.

ஒப்பரேஷன் கூடாதென்று சொல்லவில்லை, மகள். இரண்டு போதுமென்று நானே விரும்பித்தான் செய்துகொண்டேன். ஆனால் வேணும், வேணாம் எதுவானாலும் அந்தப் பொம்பளைதான் சொல்லவேண்டும். புருஷனோ தோட்டத்து டாக்டர் ஐயாவோ அவளுக்காகச் சொல்லக்கூடாது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டதே. தமிழ்ப் போமைக் கேட்டு வாங்கு. வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று அவள் வாயால் சொல்லக் கேட்ட பிறகு கையெழுத்து வாங்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பார்க்கிறீர்களே, அவை தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததைப் பேப்பரில் படித்தேன். மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய மிட்வைஃப்மாரின் உழைப்பும் அதில் இருக்கிறது. ஒருத்தியின் இரத்த முடிவு கொழுந்து மடுவத்தில் பேச்சானால் அடுத்த மாசம் எவளும் கிளினிக்குக்கு வரமாட்டாள். பதிவுப் புத்தகத்தை வாடகை வீட்டு மேசையில் விரித்துப் போடாதே. நான் கேட்டாலும் சொல்லாதே, உன் அம்மா கேட்டாலும் சொல்லாதே.

சுவெட்டர் பின்னிவிட்டேன், மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கே மழை அதிகம், அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போ. காலையில் சாப்பிடாமல் மலை ஏறாதே.

அன்புடன்,
பெரியம்மா